பதினேழு ஒன்றுகள்

உலகம்மாளை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது இரண்டாயிரமாவது வருஷம், ஜூலை பன்னிரண்டு, புதன்கிழமை, காலை ஒன்பதே கால் மணி. மினி பஸ் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும். அவள் கேட் ரூம் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்" என்றாள். கையில் மஞ்சள் பை, பைக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு. நான் நோட்டை மடியில் வைத்து வகுத்துக்கொண்டிருந்தேன். "சோறு மூடி வச்சிருக்கேன், மோர் ஜன்னல் திண்டுல இருக்கு" என்றாள். தலையாட்டினேன். அவள் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அங்கிருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள். நான் திருப்பிக் காட்டவில்லை.

இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை அம்மா. என் இடது கை விரல் அந்த எண்ணின் ஒன்பதாவது இலக்கத்தில் இருந்தது. வலது கையில் பேனா. வேறு எண்ணாக இருந்தால் விரலை எடுக்கலாம். இந்த எண்ணில் பதினேழு இலக்கமும் ஒன்று. ஒன்று, ஒன்று, ஒன்று, எல்லாம் ஒரே முகம். விரலை எடுத்தால் எந்த ஒன்றைக் கீழே இறக்கினோம் என்று தெரியாது. மறுபடி முதலிலிருந்து போடவேண்டும். நீங்கள் காலேஜில் கணக்கு நடத்துகிறவர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் புரியவில்லை. என் தங்கச்சி, "ஒரு கையைத் தூக்க முடியலையா உனக்கு" என்று பதினாறாம் நாள் அன்று எல்லார் முன்னாலும் கேட்டாள். விரலைப் பற்றிச் சொன்னேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்று மத்தியானம் மூன்றரைக்கு ஸ்டேஷனிலிருந்து கேட் போனில் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். இருதயம்.

சரி, நீங்கள் அதற்காக வரவில்லை. நோட்டுகளுக்காக வந்திருக்கிறீர்கள். இதோ இந்த பீரோ முழுக்க அதுதான். நூற்றெட்டு நோட்டு. ஞானசிகாமணி சார் மகள் வந்து கேட்கும்போது இல்லை என்று சொல்லுவேனா. உங்கள் அப்பா இல்லையென்றால் இந்த எண்ணே எனக்கு இல்லை. உங்கள் காலேஜ் கண்காட்சியில் வையுங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும். ஆனால் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்களே, நோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற அட்டையில் 'இந்த எண்ணை உடைத்தது யார்' என்று என்ன எழுதுவது என்று, அதற்குத்தான் நான் இவ்வளவு தூரம் சுற்றி வருகிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எனக்கு ஒன்று சொல்லவேண்டும். ஒரு பெண்பிள்ளை, புருஷன் ஒரு வேலையைச் செய்கிறான், அந்த வேலை முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பத்து வருஷம். பத்து வருஷம் அவள் சொல்லாமல் இருந்தாள் என்றால் அது சரியா? கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். காபி ஆறுகிறது பாருங்கள்.

உங்கள் அப்பா இங்கே ஸ்டேஷன் மாஸ்டராக வந்தபோது நான் கேட்டுக்கு வந்து மூன்று வருஷம். அவருக்கும் எனக்கும் பேச்சு எல்லாம் போனில்தான். வண்டி வருகிறது என்றால் அவர் கூப்பிடுவார், நான் கேட்டை அடைத்துவிட்டு ஒரு எண் சொல்லவேண்டும். பிரைவேட் நம்பர் என்று பெயர். எங்களிடம் ஒரு தாள் இருக்கும், இரட்டை இலக்க எண்களாக. ஒன்றைச் சொல்லி அடித்துவிட வேண்டும். அந்த எண்ணைச் சொல்லிவிட்டேன் என்றால் கேட் அடைத்தது அடைத்ததுதான். வண்டி போகிற வரைக்கும் யார் வந்து கெஞ்சினாலும் திறக்கக்கூடாது. கல்யாணக் கார் நின்றாலும், தாசில்தார் நின்றாலும். எண் கொடுத்த பிறகு கேட்டைத் தொடாதே. அதுதான் எனக்கு உத்தியோகம் கற்றுக்கொடுத்த ஒரே பாடம். முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவை தவறியதில்லை.

ஒருநாள் நான் நாற்பத்தேழு என்று சொன்னேன். "நல்ல எண்ணுவே, எதாலயும் உடையாது" என்றார். எனக்கு அது புதிது. ஒன்பதாவது வரைக்கும் படித்தவன் நான், பகா எண் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஆனால் ஒருவர் அதை நல்லது என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு நான் எண் சொல்லும்போதெல்லாம் அவர் ஒன்று சொல்லுவார். ஐம்பத்தொன்று என்றால், "மூணால உடைஞ்சு போச்சுவே, வேற நல்லதாக் கொடும்" என்பார். விளையாட்டுத்தான். தாளில் இருக்கிறதைத்தானே நான் கொடுக்க முடியும்.

அப்படி ஒருநாள் பாசஞ்சர் லேட். அவர் சொன்னார்: "கொம்பையா, ரெண்டு ஒண்ணு சேத்து எழுதினா பதினொண்ணு. அது உடையாது. மூணு ஒண்ணு எழுதினா மூணால உடையும். பத்தொன்பது ஒண்ணு எழுதினா உடையாதுன்னு நான் புஸ்தகத்துல படிச்சிருக்கேன். பதினேழு எழுதினா என்ன ஆகும்னு எனக்கு ஞாபகமில்ல. சும்மாத்தானே இருக்கீரு, பாரும்."

சும்மாத்தான் இருந்தேன். எழுபத்திரண்டு ஜனவரி. அதற்கு இரண்டு மாசம் முன்னால் எங்களுக்கு ஒரு பையன் பிறந்து பதினோரு நாள் இருந்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. காலத்தைச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

பதினோராயிரம் லட்சம் கோடிக்கு மேலே போகிற எண். மூன்று, ஏழு, பதிமூன்று என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் அப்பா ஒரு வாரம் கழித்துக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "அப்படிப் போட்டா உம்ம பேரன் காலத்துலயும் முடியாது. இந்த எண்ணு உடைஞ்சுதுன்னா, முப்பத்துநாலால வகுத்தா ஒண்ணு மீதி வருமே, அந்த மாதிரிப் பகா எண்ணாலதான் உடையும். மத்ததைத் தொடவே வேண்டாம்." ஏன் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். பாதி புரிந்தது. மீதியை நானே பிறகு புரிந்துகொண்டேன். பட்டியல் போட்டேன். நூற்று மூன்று, நூற்று முப்பத்தேழு, இருநூற்று முப்பத்தொன்பது என்று போகும். மூன்று, ஐந்து, ஏழு, பதினொன்று, பதிமூன்றில் போகிறவற்றைக் கழித்துவிட்டேன். ஒரு நாளைக்கு நாலு வகுத்தல். இரண்டு வண்டிக்கு நடுவில் ஒன்று போடலாம்.

உலகம்மாள் எப்படி இதில் வந்தாள் என்றால், அந்த நாளில் அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை. கேட் ரூமுக்குச் சோறு கொண்டுவந்தால் திரும்பிப் போகாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பாள். சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒன்பது போடச் சொல்லிக்கொடுத்தேன். உங்களுக்குத் தெரியும், ஒரு எண்ணின் இலக்கங்களைக் கூட்டி, ஒன்பது ஒன்பதாகத் தள்ளினால் நிற்கிறது ஒரு இலக்கம். வகுக்கிற எண்ணுக்கு ஒன்று, ஈவுக்கு ஒன்று, இரண்டையும் பெருக்கி மீதியின் இலக்கத்தைக் கூட்டினால் எட்டு வரவேண்டும், ஏனென்றால் பதினேழு ஒன்றைக் கூட்டினால் பதினேழு, ஒன்பது போக எட்டு. எட்டு வந்தால் வகுத்தல் சரி. வராவிட்டால் எங்கோ தப்பு.

அவள் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கூட்டுவாள். நான் இலக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் சொல்லிவிடுவாள். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை, பெண்களுக்குக் கூட்டல் நன்றாக வரும் என்று நினைத்துக்கொண்டேன். நோட்டில் இடது பக்கம் என்னுடையது, வகுத்தல். வலது பக்கம் அவளுடையது, ஒன்பது. பக்கத்தின் தலையில் தேதி. எட்டு வந்ததும் நான் பச்சை மையில் ஒரு கோடு போடுவேன். கோடு போட்ட பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. அது நான் வைத்த சட்டம். எண் கொடுத்த பிறகு கேட்டைத் திறக்காதே என்பது மாதிரி. இல்லையென்றால் ஒவ்வொரு நாளும் நேற்றுப் போட்டது சரிதானா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான், முன்னால் போக முடியாது.

அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் வந்தது. "உங்க பதினேழு பேரும் வரிசையில நிக்கதைப் பாத்தா ரேஷன் கடைக்கு வந்த மாதிரில்லா இருக்கு" என்பாள். உங்கள் அப்பா போனில், "உடைஞ்சுதாவே?" என்று கேட்டால், பின்னாலிருந்து, "நல்ல சிமெண்டுன்னு சொல்லுங்க" என்பாள். அவருக்கு அது கேட்டுவிடும், அங்கே சிரிப்பார். பதினெட்டு வருஷம். எத்தனை வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பதினெட்டு வருஷம் தினமும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வேலையைச் செய்திருப்பார்கள், சொல்லுங்கள்.

அவளிடம் ஒரு குணம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும், செத்தவளைப் பற்றி நல்லதை மட்டும் சொன்னால் அது கணக்கு ஆகாது. நேரம் காலம் பார்க்கமாட்டாள். உங்கள் அப்பாவுக்கு மாற்றலாகி, ஸ்டேஷனில் வைத்து வழியனுப்பு விழா நடத்தினோமே, அன்றைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேய்த்த சட்டை போட்டு, மாலையைப் பையில் எடுத்து வைத்து, செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறேன். எனக்குப் பதிலாக வந்தவன் கேட்டில் இருக்கிறான். பதினோரு மணிக்கு விழா. இவள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறாள்.

"ஏங்க, இந்த மூணாவதுல நீங்க வகுத்த எண்ணு வேற, பட்டியல்ல இருக்க எண்ணு வேற. ஒரு தடவை பாருங்க."

"ஒன்பது போட்டுப் பாத்தியா?"

"எட்டு வந்துச்சு. ஆனா எண்ணு..."

"எட்டு வந்துச்சுல்லா. கோடு போட்டாச்சுல்லா."

"கோடு போட்டாச்சு."

"அப்புறம் என்னத்துக்கு நோண்டுத? உன் வேலை ஒன்பது போடுதது. வகுக்குதது என் வேலை. கிளம்பு, விழாவுக்கு நேரமாச்சு."

அவள் வரவில்லை. தலைவலி என்றாள். உங்கள் அம்மாகூட, "உலகம்மா ஏன் வரலை, என்கிட்ட சொல்லாம எப்படி இருப்பா" என்று என்னிடம் கேட்டார்கள். எனக்குப் பத்துப் பேர் முன்னால் சங்கடமாகப் போய்விட்டது. நேரம் காலம் பார்க்கமாட்டாள் என்று சொன்னேனே, அதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்பது போடவில்லை. கண் வலிக்கிறது என்றாள். கண்ணாடி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். நானே போட்டுக்கொண்டேன். சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவாள். உங்கள் அப்பாவும் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு எண் என்றால் தாளில் இருக்கிற எண் மட்டும்தான். நானும் நோட்டும்தான் என்று ஆகிவிட்டது. அந்த வருஷம் கடைசியில் என்று நினைக்கிறேன், ஒருநாள் தட்டை எடுக்க வந்தவள் நின்றுகொண்டே கேட்டாள்.

"ஒருவேளை அது உடைஞ்சு போச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க?"

"உடையாது."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா வேலை முடிஞ்சுது. கேட்டை அடைச்சிட்டுப் படுத்துக்கிட வேண்டியதுதான்."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். முன்னெல்லாம் சிரிப்பாள்.

வேலை முடிந்தது என்று ஏன் சொன்னேன் என்றால், அது உங்கள் அப்பா ஆரம்பத்திலேயே சொன்னது. இந்த எண் உடைந்து, ஈவு ஆயிரம் கோடிக்குள் வந்தால், அந்த ஈவு மறுபடி உடையுமா என்று பார்க்க வேண்டியதே இல்லை. அது உடைவதென்றால் ஒரு லட்சத்துக்குள் இருக்கிற ஒன்றால்தான் உடையவேண்டும். அதையெல்லாம் நாம் முதல் வருஷத்திலேயே பார்த்துத் தள்ளியாகிவிட்டது. ஆகவே உடைகிற அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடும், மறுநாளைக்கு ஒரு வகுத்தல்கூட இருக்காது. இதை நான் அவளிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பலதடவை சொல்லியிருக்கிறேன்.

சரி, அவள் போனாள். பதினாறாம் நாளும் முடிந்தது. எல்லாரும் போய்விட்டார்கள். நான் ஒருநாள் நோட்டைத் திறந்து உட்கார்ந்தேன், வகுத்தல் வரவில்லை. விட்ட இடத்தில் பாதி நிற்கிறது, ஒன்பதாவது இலக்கத்தில். அதை முடிக்க முடியவில்லை. எனக்கு அவளுடைய போட்டோ எதுவும் இல்லை. கல்யாணத்தில் எடுத்த ஒன்று இருந்தது, அதில் தலை குனிந்திருப்பாள், முகம் தெரியாது. அப்போது தோன்றியது, அவள் எழுதின எழுத்து இருக்கிறதே என்று. எழுபது நோட்டுக்கு மேலே வலது பக்கம் முழுக்க அவள் எழுத்துத்தான். நாலை அவள் ஒரு மாதிரி எழுதுவாள், வால் நீளமாக. சட்டத்தை மீறினேன். பச்சைக் கோடு போட்ட பக்கங்களைத் திருப்பினேன். முதல் நோட்டிலிருந்து, தினமும் ஒரு நோட்டு. கணக்கைப் பார்க்கவில்லை, அவள் நாலைப் பார்த்துக்கொண்டு போனேன்.

எழுபத்தொன்றாவது நோட்டில் ஒரு பக்கத்தில் ஒன்பதுக்குக் கீழே, ஓரத்தில், சின்ன எழுத்தில் ஒரு முழு வகுத்தல் இருந்தது. அவள் கை. அவளுக்கு நான் வகுத்தல் சொல்லிக்கொடுத்ததே இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்தே படித்திருக்கிறாள்.

எடுக்கிறேன், பாருங்கள். இதுதான். பட்டியலில் இருக்கிற எண் இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து எழுநூற்று இருபத்து மூன்று. இடது பக்கம் நான் அதை எழுதும்போது கடைசியில் ஏழு, இரண்டு, மூன்று என்று எழுதவேண்டியதை இரண்டு, ஏழு, மூன்று என்று எழுதிவிட்டேன். இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. அந்தத் தப்பான எண்ணால் சுத்தமாக வகுத்திருக்கிறேன், ஒரு பிசகு இல்லை. மீதி ஆறு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று எழுபத்தேழு. ஒன்பது போட்டால் எட்டு வருகிறது. வரத்தானே செய்யும். இலக்கம் இடம் மாறினால் கூட்டல் மாறாது. ஒன்பதுக்கு அது தெரியவே தெரியாது. முப்பது வருஷம் நான் நம்பிய காவல்காரனுக்கு இந்த ஒரு திருடனைத் தெரியாது.

இந்தப் பக்கம் அவள் சரியான எண்ணை எழுதிப் போட்டிருக்கிறாள். ஈவு, ஐந்நூற்று முப்பத்தாறு கோடியே முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தேழு. மீதி இல்லை. பாருங்கள், மீதி எழுதவேண்டிய இடத்தில் ஒரு சைபர். அதைச் சுற்றி வட்டம்கூடப் போடவில்லை. கீழே ஒன்பது போட்டுச் சரிபார்த்திருக்கிறாள். எட்டு.

நான் அன்றைக்கு உட்கார்ந்து அதைப் பெருக்கினேன். பதினேழு ஒன்றும் வந்தது. நாலு தடவை பெருக்கினேன். நாலு தடவையும் வந்தது.

இது என் காலத்துக்கு முன்னாலேயே கண்டுபிடித்த விஷயம்தான் என்று நீங்கள் வந்ததும் சொன்னீர்கள். கம்ப்யூட்டரில் தட்டினால் கண் இமைப்பதற்குள் வரும் என்றும் சொன்னீர்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. உலகத்துக்குத் தெரிந்தால் என்ன, எங்கள் கேட்டுக்குத் தெரியாதே. எனக்கு வருத்தம், அவளுக்குத் தெரியும் என்பதில்தான். அதற்கப்புறம் பத்து வருஷம் நான் வகுத்திருக்கிறேன். பதிமூவாயிரம் வகுத்தலுக்கு மேலே. ஒவ்வொரு நாளும் அவள் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டு, முடிந்துபோன வேலையை நான் செய்கிறதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். மூச்சு வாங்குகிறது என்று மூன்று வாரமாகச் சொன்னாள், சொன்னாள்தான், கொஞ்சம் உட்காரு என்றேன். அதெல்லாம் வாயைத் திறந்து சொல்லத் தெரிந்தவள் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? அன்றைக்கு மினி பஸ்ஸில் ஏறும்போதும் நான் இல்லாத வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கையைக் காட்டியிருக்கிறாள். சொல்லியிருந்தால் என் இரண்டு கையும் சும்மாத்தானே இருந்திருக்கும். கூடவே போயிருப்பேனே.

இதுதான் என் வழக்கு. இருபது வருஷமாக இதை நான் யாரிடமும் வைக்கவில்லை, வைத்தாலும் புரிந்துகொள்ள ஆளில்லை. நீங்கள் கணக்கும் தெரிந்தவர்கள், அவளையும் தெரிந்தவர்கள். சொல்லுங்கள்.

என்ன பார்க்கிறீர்கள்? தேதியா? ஆமாம், எல்லாப் பக்கத்திலும் தேதி உண்டு. பத்தொன்பது, எட்டு, தொண்ணூறு. ஞாயிற்றுக்கிழமை என்று போட்டிருக்கிறேன்.

அதற்கென்ன?

ஆகஸ்டு பத்தொன்பது.

உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறதா? வழியனுப்பு விழா அன்றைக்குத்தானா? சாமான் எல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தீர்கள், மறுநாள் திங்கட்கிழமை புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தீர்கள். திங்கட்கிழமை இருபது. அப்படியென்றால் அன்றைக்குத்தான்.

கொஞ்சம் இருங்கள்.

நான் தேதியைப் பார்த்ததில்லை அம்மா. இந்தப் பக்கத்தை நூறு தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். எண்ணைத்தான் பார்த்தேன். அவள் எழுத்தைத்தான் பார்த்தேன். தலையில் இருக்கிற தேதி நான் எழுதினது, அதை நான் ஏன் பார்க்கப்போகிறேன். மூணாவதுல என்றாள். இங்கே எண்ணிப் பாருங்கள், ஒன்று, இரண்டு, இது மூன்றாவது. விழாவுக்கு முன்னால் அவள் கேட்டபோது இந்த ஓரத்து வகுத்தல் இருந்ததா, நான் போன பிறகு போட்டாளா, எனக்குத் தெரியாது. நோட்டை அவள் விரித்துத்தான் பிடித்திருந்தாள். நான் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் ஒன்றும் சொல்லவேண்டாம். பரவாயில்லை, சொல்லவேண்டாம். வழக்கு வைத்தவன் நான்தானே.

அவள் தலைவலி என்றது வீம்புக்கு இல்லை போல. நான் விழாவில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தபோது இவள் இங்கே பெருக்கிப் பார்த்திருப்பாள். ஒரு தடவையில் நம்பியிருக்கமாட்டாள், நாலு தடவை பார்த்திருப்பாள். நான் பார்த்தது மாதிரி. பிறகு மறுநாள் காலை என்று ஒன்று இருக்கிறது. மறுநாள் காலை நான் இந்த நாற்காலியில் வந்து உட்காருகிறேன், உங்கள் அப்பா இல்லை, வகுக்க எண் இல்லை. அதை அவள் நினைத்துப் பார்த்திருப்பாள். என்ன செய்வீங்க என்று கேட்டாளே, அது அவள் எனக்கு இரண்டாவது தடவை சொல்லிப் பார்த்தது. நான் கேட்டை அடைத்துவிட்டுப் படுப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். படுத்துக்கிடுவேன் என்று நான் சொன்னது அவளுக்கு எப்படிக் கேட்டதோ. பதினோரு நாள் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து நான் ஒன்றரை மாசம் லீவு போட்டுப் படுத்திருந்தேன். அதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. சம்பந்தம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

எழுபத்தொன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எழுதவேண்டியதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பதினேழு ஒன்றுகள் கொண்ட எண். வலது பக்க ஓரத்தில் இருக்கிற வகுத்தலைச் செய்தவர் உலகம்மாள், ஐந்தாம் வகுப்பு, ரயில்வே கேட்டில் குடியிருந்தவர். தேதி போடுங்கள். கணவரிடம் அன்றே சொன்னார் என்றும் போடுங்கள். கணவர் பெயர் வேண்டாம். இல்லை, போடுங்கள். கொம்பையா என்று போடுங்கள், யாரிடம் சொன்னார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்.

முதல் எழுபத்தொன்றையும் எடுத்துக்கொண்டு போகலாம். வெளியே ஆட்டோ நிற்கிறதா? நான் கட்டித் தருகிறேன், கயிறு இருக்கிறது. அதற்கப்புறம் உள்ளது இங்கேயே இருக்கட்டும். எழுபத்திரண்டிலிருந்து நூற்றெட்டு வரை, முப்பத்தேழு நோட்டு. அதில் வலது பக்கத்தில் இருக்கிறதும் என் எழுத்துத்தான்.